பதினேழாம் தேதியைச் சேர்க்காமல்

ஜூன் 18, புதன்

இல்லை, கடைசி எண் என்று ஒன்று அதில் கிடையாது. ஒன்றுக்கு முன்னால் எது என்று கேட்டால், எதைச் சொன்னாலும் அதற்கும் ஒன்றுக்கும் நடுவில் இன்னொரு எண் நிற்கும். அதைச் சொன்னால் வேறொன்று. இதைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி. மெய்ப் பகுப்பாய்வு, முதல் அலகு. திறந்த இடைவெளி. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் உள்ள எல்லா மெய்யெண்களும் சேர்ந்த கணம். பூஜ்யமும் ஒன்றும் மட்டும் இல்லை. பலகையில் கோடு போட்டு, இரண்டு முனையிலும் சின்ன வட்டம் வரைந்தேன். வட்டத்துக்குள் சாக்பீஸ் தீட்டக் கூடாது. காலி வட்டம் என்றால் அந்தப் புள்ளி சேர்த்தி இல்லை.

கடைசி பெஞ்சு நவ்ஃபல் கேட்டான்: “மிஸ், ஒண்ணு அங்கதான இருக்குது? கண்ணுக்குத் தெரியுது. அப்புறம் எப்பிடி இல்லைங்கறீங்க?”

“கோட்டுல இருக்கு. இந்தக் கணத்துல இல்லை.”

“எங்க மாமா மாதிரிங் மிஸ். ஊர்லதான் இருக்காரு. ரேஷன் கார்டுல இல்லை.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

வரும்போது இட்லி அரிசி இரண்டு கிலோ, விளக்குத் திரி, அம்மாவின் பிரஷர் மாத்திரை ஒரு அட்டை. திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்க நானும் வர வேண்டும் என்று அம்மா சொன்னாள். சரி என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

நூலகத்தில் மெய்ப் பகுப்பாய்வுப் புத்தகம் ஒரு பிரதி எடுத்தேன். நான் படித்தபோது வாங்கிய பிரதி வீட்டில் பரண்மேல் பெட்டியில் இருக்கிறது. அதை எடுக்கவில்லை. தூசி.

ஜூன் 23, திங்கள்

வக்கீல் சம்பூர்ணம் அம்மாவின் ஆபீஸ். ஆபீஸ் என்றால் அவர் வீட்டு முன்னறை. சுவரில் மூன்று நாள்காட்டிகள். மூன்றும் வெவ்வேறு தேதியைக் காட்டின.

வழக்கு இதுதான். என் அப்பா சென்னியப்பன், சர்வேயர். ஆகஸ்ட் பதினாறாம் தேதி, புதன்கிழமை, காலை எட்டரை மணிக்கு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு தாராபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினார். திரும்பவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. திருச்சியில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு வருடம் ஒருவரைப் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால் அவரை இறந்தவராகக் கருதலாம் என்கிறது சட்டம். இப்போது ஏழு முடிந்து எட்டாவது வருடம் நடக்கிறது. அதைக் கோர்ட் சொல்ல வேண்டும். அம்மா முதல் சாட்சி. நான் இரண்டாவது.

சம்பூர்ணம் அம்மா என்னைப் பார்த்தார். “ஏம்மிணி, நீ கணக்கு டீச்சரு. பதினாறாந் தேதி கெளம்புனாரு. ஏழு வருசக் கணக்கு எந்தத் தேதியில ஆரம்பம்?”

“பதினாறுங்க.”

“தப்பு. கெளம்புன நாளச் சேத்தக் கூடாது. பதினேழுல இருந்துதான். உங்க காலேஜுல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களாக்கு?”

இந்த ஊரில் எல்லோரும் எல்லாப் பெண்களையும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்கள். இருந்தாலும்.

பதினாறில் காலி வட்டம். பதினேழில் தொடங்குகிறது.

பிறகு என் வாக்குமூலம். “நீ அவரக் கடைசியாப் பாத்தது எப்போ?”

அம்மா முந்திக்கொண்டாள். “ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு வந்தாளுங்க. ஆத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. அன்னைக்குப் பாத்ததுதான்.”

சம்பூர்ணம் அம்மா எழுதிக்கொண்டார். கேள்வியும் என்னுடையதில்லை, பதிலும் என்னுடையதில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் என்னுடையது.

ஜூன் 24, செவ்வாய்

பதினாறு. புதன்கிழமை. ஆடி மாதத்தின் கடைசி நாள்.

ஜூன் 29, ஞாயிறு

செல்வராசு சித்தப்பா வந்திருந்தார். அப்பாவின் தம்பி. கோர்ட்டுக்குப் போட்டோ வேண்டுமாம். அவரிடம் இருக்கும் போட்டோதான் நல்ல போட்டோ. மோட்டார் சைக்கிளில் நாற்பது நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றியவர். நாலு மூலையும் மடங்கியிருக்கிறது.

பழனி. உடுமலை. அமராவதி அணை. தோட்டத்துக் கிணறுகளில் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள். ஒரு கிணற்றில் குடம் வந்தது. ஒரு கிணற்றில் சைக்கிள். மேற்கேயும் தெற்கேயும்தான் தேடினார்கள், அப்பா வேலை பார்த்த ஊர்கள் அந்தப் பக்கம் என்பதால். கிழக்கே யாரும் போகவில்லை.

“அப்ப ஒரே ஒருத்தன், ஒரே ஒருத்தன் இந்தப் பக்கம் பாத்தேன்னு சொல்லியிருந்தாப் போதும் புள்ள. வண்டிய அங்க உட்டுருப்பேன்” என்றார் சித்தப்பா. அவர் இதைச் சொல்வது இது எத்தனையாவது முறை என்று தெரியாது. நான் காபி ஆற்றினேன். நுரை பொங்கப் பொங்க ஆற்றினேன்.

அப்பாவுக்கு மூன்று மாதமாக சஸ்பென்ஷன் என்பது போலீஸ் விசாரித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கேயோ ஓர் அளவையில் யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். அந்த மூன்று மாதமும் தினமும் கேரியரோடு கிளம்பியிருக்கிறார். நூலகத்தில் பேப்பர் படித்திருக்கிறார். மதியம் பார்க்கில் சாப்பிட்டிருக்கிறார். சாயங்காலம் ஐந்தரைக்கு, ஆபீஸ் விட்டு வருகிறவர் மாதிரி வந்திருக்கிறார். அம்மா தினமும் மறக்காமல் கேட்பாளாம்: “இன்னைக்கு எந்தக் காடு?” அவரும் ஒரு புன்செய்க் காட்டின் பெயரைச் சொல்வாராம்.

பத்து வயதில் ஒருமுறை அளக்கப் போகும்போது கூட்டிப் போனார். இரண்டு காட்டுக்கும் நடுவில் ஒரு கல். இந்தக் கல் யாருக்குப்பா என்றேன். “ரண்டு பேருக்கும் இல்லை அம்மிணி. அது மேல உக்காந்துக்கோ, உன்னைய யாரும் கேக்க மாட்டாங்க” என்றார். உட்கார்ந்தேன். சுட்டது.

ஜூலை 3, வியாழன்

வகுப்பில் நீளம் பற்றி. மூடிய இடைவெளியில் முனைகள் உண்டு, திறந்ததில் இல்லை. ஆனால் இரண்டுக்கும் நீளம் ஒன்றேதான். ஒரு புள்ளிக்கு நீளம் கிடையாது. அதை எடுத்துவிட்டால் எதுவும் குறைவதில்லை.

ரூபாவதி எழுந்தாள். “அப்ப எதுக்கு மிஸ் அதுக்கு இவ்வளவு சண்டை? இருந்தா இருக்கட்டும், போனாப் போகட்டும்.”

“சண்டை நீளத்துக்கு இல்லைம்மா. மூடினதுக்குக் கடைசி உண்டு. போய் நிக்க ஒரு இடம் இருக்கு. மத்ததுல கிட்டக் கிட்டப் போயிட்டே இருக்கலாம், நிக்க முடியாது.”

“அய்யோ பாவம்” என்றாள். யாரை என்று தெரியவில்லை.

எட்டு வருடமாக நான் இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு புள்ளி. நீளம் குறையாது. சட்டத்துக்கும் குறையாது, பதினாறிலிருந்து எண்ணினாலும் பதினேழிலிருந்து எண்ணினாலும் ஏழு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது.

சாயங்காலம் அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன்.

“அம்மா.”

“சொல்லு.”

“அந்த வியாழக்கிழமை...”

“எந்த வியாழக்கிழமை?”

அவள் கை நிற்கவில்லை. தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம்.

“ஒண்ணுமில்லை. இன்னைக்கு வியாழக்கிழமைதானே, தண்ணி வருமான்னு கேட்டேன்.”

“வெள்ளிக்கிழமைதான் வரும். இந்த வீட்டுக்கு நீ என்ன விருந்துக்கு வந்த ஒறம்பரையா? தண்ணி வர்ற நாள்கூடத் தெரியாம இருக்கற.”

ஜூலை 8, செவ்வாய்

மாவட்ட உரிமையியல் நீதிமன்றம். பத்தரைக்கு வரச் சொன்னார்கள், கூப்பிட்டது மூன்று மணிக்கு. வராந்தாவில் ஒரு கிழவர் கோழியோடு வந்திருந்தார். வக்கீலுக்கு. அது ஆவணக் கட்டுகளுக்கு நடுவில் நடந்தது.

அம்மா முதலில் ஏறினாள். தேதி, நேரம், சட்டையின் நிறம், கேரியரில் வைத்த பதார்த்தம் எல்லாம் சொன்னாள். வெள்ளைச் சட்டை. புளிசாதம், உருளைக்கிழங்கு. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு நான். வாக்குமூலத்தில் இருப்பது என் கையெழுத்துத்தானா? ஆமாம். அதில் சொல்லியிருப்பதெல்லாம் உண்மையா? இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஆமாம் என்பதற்கு ஒரு நொடி போதும்.

அரசு வக்கீல் இளைஞர். அவருக்கு வேறு கோர்ட்டுக்குப் போக அவசரம். ஒரே கேள்வி: “பதினாறாம் தேதிக்குப் பிறகு உங்கப்பாவைப் பார்த்ததா யாராவது சொன்னாங்களா?”

“சொல்லலைங்க.”

உண்மை. யாரும் சொல்லவில்லை. சொன்னவர்களின் கணம் வெற்றுக் கணம். ஒரு வாக்கியத்தை இவ்வளவு சுத்தமாக நான் எந்த நிரூபணத்திலும் எழுதியதில்லை.

இறங்கும்போது சம்பூர்ணம் அம்மா தோளில் தட்டினார். “தெளிவாச் சொன்ன. கணக்குப் படிச்சவளுக்கு வாய் வழவழன்னு இருக்காது.”

வெளியே கரும்புச் சாறு குடித்தோம், அம்மாவும் நானும். அம்மா தன் டம்ளரில் பாதியை எனக்கு ஊற்றினாள்.

ஜூலை 9, புதன்

வாந்தி. கரும்புச் சாறாக இருக்கும்.

ஜூலை 15, செவ்வாய்

தீர்ப்பு. ஒரு பக்கத்துக்கும் குறைவு. அப்பா இறந்ததாகக் கருதப்படுகிறார். எந்த நாளில் என்று கோர்ட் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்றார் சம்பூர்ணம் அம்மா. “இன்னைக்கு உயிரோட இல்லைன்னு மட்டுந்தான் சொல்லும். என்னைக்குப் போனாருன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

அப்பா இருந்த நாட்களில் ஒரு கடைசி நாள் இருந்திருக்க வேண்டும். அது எந்த ஏட்டிலும் ஏறாது.

அம்மாவுக்கு அது போதவில்லை. ஒரு நாள் வேண்டும். திதி கொடுக்க. கோர்ட்டிலிருந்து நேராக ஐயர் வீட்டுக்குப் போகச் சொன்னாள். சித்தப்பா, அம்மா, நான். ஐயர் பாயில் உட்கார்ந்து பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

“காணாமப் போனவாளுக்குப் போன நாள்தான் திதி. அதுவும் தெரியாதுன்னா அமாவாசை. உங்களுக்கு நாள் தெரியுமோ?”

“தெரியுஞ் சாமி. பதினாறாந் தேதி, புதன்கிழமை” என்றாள் அம்மா. எட்டு வருடத்தில் இவ்வளவு உரக்க அவள் எதையும் சொல்லிக் கேட்டதில்லை.

பழைய பஞ்சாங்கக் கட்டில் தேடினார். “ஆடி மாசம், தேய்பிறை நவமி. மறுநாள் ஆவணி பொறந்துடறது. ஒருநாள் தள்ளிப் போயிருந்தா மாசமே மாறியிருக்கும். இந்த வருஷம் ஆடி நவமி இந்தச் சனிக்கிழமையே வர்றது. உருவம் செஞ்சு எரிக்கறதும் திதியும் அன்னைக்கே முடிச்சுடலாம்.”

வரும் வழியில் அம்மா ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நம்ம சரசக்கா வூட்டுக்காரரு போனாருல்ல, அவங்களுக்கு நாளே தெரியாது. அமாவாசையில எல்லாத்தோட சேத்துக் குடுக்கறாங்க. நமக்கு அப்பிடி இல்லை கண்ணு. அவருக்குன்னு ஒரு நாள் இருக்குது. மத்ததெல்லாம் போனாலும் அது நம்ம கையில இருக்குது.”

நான் வெளியே பார்த்தேன். டயர் கடை. பேக்கரி. டயர் கடை.

ஜூலை 16, புதன்

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

அந்த ஆகஸ்ட் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி. திருச்சி மத்திய பேருந்து நிலையம். நானும் ஜெரால்டும் மதியக் காட்சிக்குப் போக பஸ் ஸ்டாண்டுக்குள் புகுந்து குறுக்கே நடந்தோம். அவன் என் வகுப்பு. ஹாஸ்டல் வெளியேறும் ஏட்டில் ‘ஸ்பெஷல் கிளாஸ்’ என்று எழுதிவிட்டு வந்திருந்தேன். கரூர் பஸ் நிற்கும் இடத்தில், சிமெண்ட் பெஞ்சில், அப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. பக்கத்தில் பை. பைக்குள் கேரியர்.

என்னைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று. புதன்கிழமையிலிருந்து அவர் வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியாது. ஹாஸ்டலில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஒரு பழக்கடையின் பின்னால் ஒதுங்கினேன். பிறகு படம் பார்த்தோம். முழுப் படமும். இடைவேளையில் பாப்கார்ன்.

வெள்ளிக்கிழமை காலை வார்டன் அறைக்கு அம்மாவின் போன் வந்தது. புதன்கிழமை போனவர் வரவில்லை என்று அழுதாள். நான் “ஐயோ” என்றேன். அது நிஜமான ஐயோ. அதற்குப் பின்னால் ஒரு வாக்கியம் இருந்தது. நேத்து இங்கே பார்த்தேன் அம்மா. ஏன் பேசலை என்பாள். ஏன் ஒளிந்தாய் என்பாள். யாரோடு இருந்தாய் என்பாள். முதலில் இன்று வேண்டாம் என்று நினைத்தேன். அவரே வந்துவிடுவார், அப்புறம் சொல்ல வேண்டியதே இல்லை என்று.

வார்டன் எனக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். மேசையில் வாட்ச்மேன் கொண்டுவந்து வைத்த பார்வையாளர் ஏடு திறந்து கிடந்தது. வியாழன் பக்கம். அப்பாவின் கையெழுத்து, அளவைப் படத்தில் எழுதுகிற அதே சின்னச் சின்ன நேரான எழுத்து. வந்தவர்: ஆ. சென்னியப்பன். உறவு: தந்தை. நேரம்: 12.50. காரணம் என்ற கட்டத்தில்: சும்மா.

அந்தத் தாளைக் கிழித்தேன். வார்டன் தண்ணீரோடு வந்தார். குடித்தேன்.

ஹாஸ்டலில் யாரும் வந்து கேட்கவில்லை. கேட்பதற்கான காரணம் என்னிடம்தான் இருந்தது. அந்தத் தாள் இப்போதும் பரண்மேல், பெட்டிக்குள், மெய்ப் பகுப்பாய்வு, முதல் அலகில்.

ஜூலை 18, வெள்ளி

தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் பிடித்தேன். நாளைக்கு எள், தர்ப்பை, பச்சரிசி, பால். அம்மா பட்டியலைப் படித்தாள், நான் சரி சரி என்றேன். கடைசியில் “வேற ஏதாச்சும் விட்டுப் போச்சா?” என்றாள்.

சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்விக்கு இவ்வளவு பொருத்தமான பதில் எனக்கு இனிக் கிடைக்காது.

“வாழை இலை” என்றேன்.

ஜூலை 19, சனி

அமராவதிக் கரை. மணலில் தர்ப்பையால் ஓர் உருவம் செய்தார்கள். கை, கால், தலை. ஒரு முழம் நீளம் இருக்கும். அப்பா ஐந்து அடி எட்டு அங்குலம். சித்தப்பா தீ வைத்தார். உடனே பிடித்தது, உடனே முடிந்தது. இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, சித்தப்பா தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

ஐயர் சொல்லச் சொல்ல சித்தப்பா மாதத்தையும் திதியையும் திருப்பிச் சொன்னார். எல்லாம் மந்திரத்துக்குள் போய்விட்டது. தப்பான மாதம். தப்பான திதி. அப்பா ஒரு காட்டை அளக்கும்போது ஒரு லிங்க், சங்கிலியின் ஒரே ஒரு கண்ணி, விட்டுப்போனால் திரும்பவும் முதல் கல்லிலிருந்து சங்கிலியைப் பிடிப்பார்.

அம்மா தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டாள். அவளாகவே கழற்றினாள். வேறு பெண்கள் கை நீட்டியபோது வேண்டாம் என்றாள். பிறகு என்னிடம், “சரியான நாள்ல செஞ்சிட்டோம் கண்ணு” என்றாள். “இனி அவரு வந்து கேக்க மாட்டாரு.”

காக்கை உடனே சாப்பிட்டது. எல்லோருக்கும் திருப்தி.

ஜூலை 20, ஞாயிறு

காக்கைக்குப் பசி என்பதற்கு மேல் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வகுப்புத் தேர்வுத் தாள்கள் திருத்தினேன். கேள்வி: திறந்த இடைவெளி ஏன் திறந்த கணம்? விடை சுலபம். உள்ளே எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் இருக்கும். எவ்வளவு சின்னதானாலும் இருக்கும். முனைக்குப் போய்விட்ட புள்ளிக்குத்தான் அந்த இடம் கிடையாது.

நவ்ஃபல் எழுதியிருந்தான்: ‘உள்ள இருக்கறவங்களுக்கு எப்பவும் பக்கத்துல இடம் இருக்கும், அதனால யாரும் ஓரத்துல இல்ல. ஓரத்துல இருக்கறவங்க உள்ள இல்ல.’

ஐந்துக்கு நான்கு போட்டேன். அப்புறம் ஐந்து.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆற்றுக்குப் போகவில்லை. அம்மா தேங்காய் சாதம் செய்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. அம்மா வாசலில் பெரிய கோலம் போட்டாள். இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாள். மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார் டாக்டர். சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். அவளுக்கு இருக்கும் ஒரே நாளை எடுத்துத்தான் அது கிடைக்கும்.

ஜூலை பதினாறாம் தேதி நான் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. விட்டேன்.

பழக்கடைக்குப் பின்னால் ஒதுங்கினேன் என்று எழுதினேன். அதற்கு முன்னால் அவர் தலை நிமிர்ந்தது. பார்த்தார். இருபது அடி இருக்கும். என்னைப் பார்த்தார், ஜெரால்டைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அது எனக்குப் புரியவில்லை. பிடிபட்டவர் மாதிரி இருந்தார். பிடிபட்டவள் நானல்லவா என்று தோன்றியது.

பிறகு பெஞ்சில் பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். கூப்பிடவில்லை. கை காட்டவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான இடத்தை ஒருமுறை உள்ளங்கையால் துடைத்தார்.

நான் பழக்கடைக்குப் பின்னால் போனேன்.

படம் விட்டு வந்தபோது அந்த இடத்தில் வேறொரு குடும்பம் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி, தேய்பிறை ஏகாதசி. அந்த வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கும் இதே திதிதான், பழைய பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டேன். காலேஜுக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பினேன். நேராகக் கரூர் பஸ் ஏறிவிட்டேன். பையில் அந்தத் தாள்.

திருச்சியில் வெளியூர் பஸ்களெல்லாம் புது நிலையத்துக்குப் போய்விட்டன. பழைய நிலையத்துக்கு டவுன் பஸ் பிடித்து வந்தேன். கரூர் பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பெஞ்சு இருந்தது. அதேதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாப் பெஞ்சும் ஒரே மாதிரி.

இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தேன். மண்.

பூக்கூடையோடு ஓர் அம்மாள் நின்று பார்த்தார். “இங்க கரூர் பஸ்ஸெல்லாம் வராது பாப்பா. புது ஸ்டாண்டுக்குப் போவணும். தெரியாமயா உக்காந்திருக்க?”

“தெரியுங்க.”

“யாரும் வர்றாங்களா?”

“இல்லைங்க.”

“அப்ப நான் உக்காரவா? காலு வலிக்குது.”

உட்கார்ந்தார். கூடையை எங்கள் நடுவில் வைத்தார். கொஞ்ச நேரம் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். ஒரு முழம் மல்லிகை வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கினேன். இரண்டே முக்காலுக்கு எழுந்து புது நிலையத்துக்குப் போய், மூன்றேகால் கரூர் பஸ்.

ஏழு மணிக்கு வீடு. அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டிருந்தாள். “ஏகாதசி, சோறு ஆக்கலை” என்றாள். பிறகு மணியைப் பார்த்தாள்.

“ஏன் இவ்வளவு நேரம்?”

தாள் பையில் இருந்தது. கையை உள்ளே விட்டேன். தாளும் பட்டது, பூவும் பட்டது. பூவை எடுத்துக் கொடுத்தேன்.

“ஸ்பெஷல் கிளாஸ்” என்றேன்.

அம்மா பூவை வாங்கினாள். முகர்ந்தாள். தலைக்குக் கொண்டுபோன கையைப் பாதியில் நிறுத்தி, சாமி படத்துக்கு வைத்தாள். “சரி, கை கழுவிட்டு வா.”

மூன்று தோசை சாப்பிட்டேன். ஸ்டூலைப் போட்டுப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி, தாளைப் பழைய பக்கத்தில் வைத்து, திரும்ப ஏற்றினேன். பிறகு டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.